வாசகர் கேட்கிறார்: கர்ட் வார்னரின் ஐந்து ஆண்டுகள்

சென்ற இதழில் விளையாட்டில் காலம் தாழ்த்தி வென்றவர்களைப் பற்றிய ஒரு பதிலில், அமெரிக்கக் கால்பந்து வீரர் கர்ட் வார்னரின் பெயரை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட அதிகமாக இருந்ததால், இந்த முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பல்பொருள் அங்காடி ஒன்றில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த இளைஞரை ஓர் அணி அழைத்துக்கொண்டதாகவும், மறு ஆண்டே அவர் அமெரிக்காவின் தலைசிறந்த வீரராகிவிட்டதாகவும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: தொடக்கமும் முடிவும் உண்மை. நடுவில் இருந்த ஐந்து ஆண்டுகளைத்தான் செய்தியை எழுதியவர் விழுங்கிவிட்டார். வார்னர் 1971 ஜூன் 22 அன்று அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் பிறந்தவர். 1994-இல் வேலை கேட்டுச் சென்ற தொழில்முறை அணி கைவிட்டுவிட்டதால், தாம் படித்த சீடர் ஃபால்ஸ் நகருக்கே திரும்பி, ஹை-வீ என்ற அங்காடியில் மணிக்கு 5 டாலர் 50 சென்ட் கூலிக்கு இரவுப் பணியில் சேர்ந்தார். கடை ஓய்ந்த பிறகு பெட்டிகளைப் பிரித்து, டப்பாக்களை அடுக்குகளில் நிரப்புவதுதான் வேலை. பகலில் தம்முடைய பழைய கல்லூரி அணிக்குத் துணைப் பயிற்சியாளராகவும் இருந்தார் என்பதைச் சுற்றும் செய்தி சொல்வதில்லை. அவர் ஒருநாளும் ஆட்டத்தை விட்டு விலகியவர் அல்லர்.

அங்காடியிலிருந்து அவரைக் கூட்டிச்சென்றதும் பெரிய அணி ஒன்றும் அல்ல. 1995-இல் அவர் சேர்ந்தது அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற உள்ளரங்கக் கால்பந்து அணி. சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியை அவர் வென்ற நாள் 2000 ஜனவரி 30. இந்த இரண்டுக்கும் இடையில் கழிந்த காலத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: அவ்வளவு திறமை இருந்தவரை முதலில் எவரும் அடையாளம் காணாதது ஏன்? கண்டறிபவர்கள் அத்தனை பேரும் குருடர்களா? (ஒரு வாசகி, புதுச்சேரி)

பதில்: குருடர்கள் என்று சொல்வது சற்று மிகை. அவர்கள் பார்ப்பதற்கு அதிகம் எதுவும் இருக்கவில்லை. வார்னர் படித்த வடக்கு அயோவா பல்கலைக்கழகம் கால்பந்தில் முதல்நிலைக் கல்லூரிகளுக்கு ஒரு படி கீழே இருந்தது. அங்கேயும் கடைசி ஆண்டான 1993 வரை அவர் வரிசையில் பின்னால்தான் நின்றார். அந்த ஓராண்டு மட்டும் முதன்மை ஆட்டக்காரராக ஆடி, தம் கூட்டமைப்பின் சிறந்த தாக்குதல் வீரர் என்ற விருதைப் பெற்றார். தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' என்ற நிகழ்வை நடத்துகிறது. 1994-இல் அதில் 222 பெயர்கள் வாசிக்கப்பட்டன. வார்னரின் பெயர் அவற்றில் இல்லை.

தேர்வாகாதவர்களையும் அணிகள் கோடைப் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் பார்ப்பதுண்டு. அப்படி அவரை அழைத்த அணி கிரீன் பே பாக்கர்ஸ். அங்கே அவர் ஆடிய குவார்ட்டர்பேக் என்ற அதே பொறுப்பில் பிரெட் ஃபாவர், மார்க் ப்ரூனல், டை டெட்மர் என்று மூவர் ஏற்கெனவே இருந்தார்கள். நால்வரில் நான்காமவருக்குப் பயிற்சியில் பந்து கையில் கிடைப்பதே அரிது. ஒருநாள் களத்தில் இறங்கச் சொன்னபோது, ஆட்டத் திட்டங்கள் இன்னும் மனத்தில் பதியவில்லை என்று வார்னரே தயங்கிப் பின்வாங்கியதாகவும் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. முகாம் முடியும் முன்பே அவரை விடுவித்துவிட்டார்கள். அன்றைய நிலையில் அந்த முடிவில் பெரிய தவறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: இந்த ஆட்டத்தின் விதிகள் எனக்குப் பிடிபடவே இல்லை. அவர் ஆடிய 'குவார்ட்டர்பேக்' என்ற இடத்தின் வேலை என்ன? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: சுருக்கமாகச் சொல்கிறேன். அணிக்கு 11 பேர், திடலின் நீளம் 100 யார்டு. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் அது டச் டவுன், ஆறு புள்ளிகள். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும். அதை அருகில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தொலைவில் ஓடிக்கொண்டிருக்கும் நான்கைந்து பேரில் ஒருவருக்கு எறிவதா என்பதை, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் தம்மை வீழ்த்தப் பாய்ந்துவரும் இரண்டு மூன்று நொடிகளுக்குள் அவர் முடிவுசெய்ய வேண்டும்.

கேள்வி: உள்ளரங்கக் கால்பந்து என்றீர்களே, அது வேடிக்கைக்காக ஆடப்படும் ஆட்டம்தானே? அதில் ஆடி என்ன கற்றிருப்பார்? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அமெரிக்காவிலும் பலர் அப்படித்தான் எண்ணினார்கள், வார்னரும் விருப்பத்தோடு அங்கே போகவில்லை. பனிவளைகோல் பந்தாட்டம் நடக்கும் அரங்குகளில் பனியை மூடிச் செயற்கைப் புல்லை விரித்து ஆடப்படும் ஆட்டம் அது. திடலின் நீளம் 50 யார்டுதான், அகலமும் வழக்கமானதில் பாதிதான். அணிக்கு எட்டுப் பேர். பக்கவாட்டில் எல்லைக்கோட்டுக்குப் பதிலாக மெத்தை பொருத்திய இடுப்பளவுச் சுவர் இருக்கும். ஓடிவரும் வீரர் அதில் மோதிப் பார்வையாளர் மடியில் போய் விழுவதும் உண்டு. இரு முனைகளிலும் கட்டியிருக்கும் வலையில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில் இருப்பதாகவே கணக்கு. ஓர் அணி ஐம்பது புள்ளிகள் எடுத்தும் தோற்பது அங்கே சாதாரணம்.

இந்த ஆட்டத்தின் இயல்பைச் சற்று நிதானித்துப் பார்த்தால், அது குவார்ட்டர்பேக்கை எப்படிப் பழக்கும் என்பது விளங்கும். ஓடுவதற்கு இடமில்லாததால் ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை எறிந்தாக வேண்டும். தடுப்பவர்களும் பிடிப்பவர்களும் நெருக்கமாக நிற்பதால், ஒருவர் தடையின்றி ஓடும் வரை காத்திருந்து எறிய முடியாது. அவர் திரும்பப்போகும் இடத்தை ஊகித்து, அவர் திரும்பும் முன்பே பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். எதிரணியும் இதே வேகத்தில் புள்ளி சேர்ப்பதால், ஒரு முயற்சி வீணானாலும் ஆட்டம் கைநழுவும். மூன்று பருவங்கள், வாரந்தோறும் வார்னர் இதைச் செய்தார். 1996-இலும் 1997-இலும் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். இரண்டிலும் தோல்விதான், முதலில் டாம்பா பே அணியிடம், அடுத்து அரிசோனா அணியிடம். அந்த இரண்டு ஆண்டுகளிலும் உள்ளரங்கக் கூட்டமைப்பின் சிறந்த அணியில் அவருக்கு இடம் கிடைத்தது.

பெரிய திடலில் பழகியவர்கள் சிறிய அரங்கில் திணறுவார்கள். சிறிய அரங்கில் பழகியவருக்குப் பெரிய திடல் எப்படித் தெரிந்திருக்கும்? எல்லாரும் இருமடங்கு தொலைவில், இருமடங்கு மெதுவாக நகர்வதுபோலத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். பின்னாளில் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த 'விரைந்து விடும் கை' அயோவாவின் அரங்கில் உருவானது என்பதை வார்னரும் மறுத்ததில்லை.

இடையில் ஒரு துணுக்கு. 1997-இல் சிகாகோ பேர்ஸ் அணி அவரைத் தேர்வுக்கு அழைத்தபோது, தேனிலவுக்குச் சென்ற இடத்தில் சிலந்தி கடித்து முழங்கை வீங்கியிருந்ததால் அவரால் போக முடியவில்லை. எறியும் கையின் முழங்கையாகவே பார்த்து அந்தச் சிலந்தி கடித்திருக்கிறது.

கேள்வி: பிறகு என்.எஃப்.எல். கதவு எப்படித் திறந்தது? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: முழுதாகத் திறக்கவில்லை, ஒரு விரற்கடை அளவு திறந்தது. செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்து, 1998-இல் ஐரோப்பாவில் நடந்த வளர்நிலைப் போட்டிக்காக ஆம்ஸ்டர்டாம் அணிக்கு அனுப்பியது. எறிந்த தொலைவிலும் டச் டவுன்களிலும் அங்கே அவர்தான் முதலிடம். அந்த அணியில் அவருக்கு மாற்றாக உட்கார்ந்திருந்தவர் ஜேக் டெல்ஹோம் என்ற இளைஞர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா திரும்பிய பின் ராம்ஸ் அணியில் அவர் மூன்றாமவர். அந்தப் பருவம் முழுவதிலும் 11 முறை பந்தை எறிந்தார், 4 முறை பிடிக்கப்பட்டது. 1999-இன் தொடக்கத்தில் புதிதாக அமைந்த க்ளீவ்லண்டு அணி மற்ற அணிகளிலிருந்து வீரர்களை எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டபோது, 'இவரை எடுத்துக்கொள்ளலாம்' என்ற பட்டியலில் ராம்ஸ் வார்னரின் பெயரையும் வைத்தது. க்ளீவ்லண்டு எடுக்கவில்லை.

கேள்வி: 1999-ஆம் ஆண்டு நடந்ததை விரிவாக எழுத இயலுமா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: ராம்ஸ் அதற்கு முந்தைய பருவத்தில் 16 ஆட்டங்களில் 12-இல் தோற்ற அணி. அதைத் தூக்கி நிறுத்துவதற்காக ட்ரென்ட் க்ரீன் என்ற குவார்ட்டர்பேக்கைப் பெரும் ஊதியத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பருவம் தொடங்கும் முன் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில், சான் டியாகோ அணி வீரர் ஒருவர் க்ரீனின் காலில் வந்து மோதியதில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவரால் ஆட முடியாது. தலைமைப் பயிற்சியாளர் டிக் வெர்மீல் செய்தியாளர்கள் முன் கண்கலங்கி நின்று, கர்ட் வார்னருக்குத் துணையாகத் திரண்டு நல்ல ஆட்டம் ஆடுவோம் என்று சொன்னார். அதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் நம்பினார்கள் என்பது வேறு விஷயம்.

வார்னருக்கு அப்போது வயது 28. முதன்மை ஆட்டக்காரராக இறங்கிய முதல் மூன்று ஆட்டங்களிலும் தலா மூன்று டச் டவுன்கள் எறிந்தார். அதற்கு முன் என்.எஃப்.எல்.-இல் எவரும் செய்யாதது அது. நான்காவது ஆட்டம் சான் ஃபிரான்சிஸ்கோவுடன். அந்த அணியிடம் ராம்ஸ் தொடர்ந்து 17 முறை தோற்றிருந்தது. அன்று வார்னர் ஐந்து டச் டவுன்கள் எறிந்தார், ராம்ஸ் 42–20 என்று வென்றது. புகழ்பெற்ற விளையாட்டு வார இதழ் ஒன்று அவர் படத்தை அட்டையில் போட்டு, 'யார் இந்த மனிதர்?' என்று கேட்டது. பருவ முடிவில் கணக்கு 4,353 யார்டு, 41 டச் டவுன். ஒரே பருவத்தில் நாற்பதைத் தாண்டியவர்கள் அதற்குமுன் டான் மரீனோ ஒருவர்தான். அணி 13 ஆட்டங்களில் வென்றது, ஆண்டின் மதிப்புமிக்க வீரர் விருது வார்னருக்குக் கிடைத்தது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அவரைச் சுற்றியிருந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். ஓடுவதற்கு மார்ஷல் ஃபாக், பிடிப்பதற்கு ஐசக் ப்ரூஸும் டோரி ஹோல்ட்டும், காவலுக்கு ஆர்லாண்டோ பேஸ், திட்டம் வகுக்க மைக் மார்ட்ஸ். மார்ட்ஸின் திட்டம் முழுவதும், பிடிப்பவர் திரும்பும் முன்பே பந்தை எறிவதை நம்பியிருந்தது. அதற்கான ஆள் மூன்று ஆண்டுகள் வேறொரு பள்ளியில் பயின்று வந்திருந்தார்.

அட்லாண்டாவில் நடந்த இறுதிப் போட்டியில் எதிரணி டென்னசி டைட்டன்ஸ். 16–0 என்று முன்னணியில் இருந்த ராம்ஸை டைட்டன்ஸ் மெல்ல மெல்ல எட்டிப்பிடித்து, 2 நிமிடம் 12 நொடி மிச்சமிருந்தபோது 16–16 என்று சமன் செய்தது. ராம்ஸ் தன் 27-ஆம் யார்டுக் கோட்டிலிருந்து தொடங்கியது. அடுத்த முதல் முயற்சியிலேயே வார்னர் வலப்பக்கம் நீளமாக எறிந்தார். பந்து கையைவிட்டுப் போகும் நொடியில் எதிரணியின் ஜெவான் கேர்ஸ் அவர்மீது வந்து மோதியதால், எறி குறைந்துபோனது. முன்னால் ஓடிக்கொண்டிருந்த ப்ரூஸ் அதைக் கண்டு வேகத்தைத் தணித்து, பின்வாங்கிப் பந்தைப் பிடித்தார். அவரைக் காத்துவந்தவர் அந்த மாற்றத்துக்குத் தயாராக இல்லை. 73 யார்டு, டச் டவுன். சரியாக விழுந்திருந்தால் அந்தப் பந்து தடுக்கப்பட்டிருக்கவும் கூடும் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

அதோடு முடியவில்லை. டைட்டன்ஸ் அணியின் ஸ்டீவ் மெக்நேர் தம் அணியைத் திடல் முழுவதும் நடத்திவந்து, 6 நொடி இருக்கும்போது 10-ஆம் யார்டில் நிறுத்தினார். கடைசி முயற்சியில் பந்தைப் பிடித்த கெவின் டைசனின் கால்களை மைக் ஜோன்ஸ் கட்டிப்பிடித்துச் சாய்த்தார். கீழே விழுந்த டைசன் பந்தைப் பிடித்த கையை நீட்டினார். கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு யார்டு குறைவு. வார்னர் அப்போது திடலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், செய்வதற்கு ஒன்றுமில்லை. 23–16. அவர் அன்று எறிந்த 414 யார்டு, சூப்பர் பௌல் சாதனையாக 2017 வரை நிலைத்தது.

கேள்வி: அவருடைய மனைவியைப் பற்றியும் உருக்கமான கதைகள் உலவுகின்றனவே? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: உலவும் கதைகளில் இது பெரும்பாலும் சரியானது. ப்ரெண்டா அமெரிக்காவின் மரைன் படைப்பிரிவில் பணியாற்றியவர், மணமுறிவுக்குப் பின் இரண்டு குழந்தைகளோடு தனித்து வாழ்ந்தவர். மூத்த பையன் கைக்குழந்தையாக இருந்தபோது குளியலறையில் கைதவறி விழுந்ததில் மூளை பாதிக்கப்பட்டு, பார்வையைப் பெரிதும் இழந்தவன். 1992-இல் ஒரு நடன விடுதியில் வார்னரைச் சந்தித்த இரவே, இனி நீங்கள் வராவிட்டாலும் புரிந்துகொள்வேன் என்று அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் கையில் ஒரு ரோஜாவோடு வார்னர் வாசலில் நின்று, குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்றார். சிறுவன் அவர் கையைப் பற்றி வீடு முழுவதும் இழுத்துப்போய்க் காட்டினான். அங்காடி வேலைக் காலத்தில் அவர்கள் ப்ரெண்டாவின் பெற்றோர் வீட்டின் அடித்தளத்தில் தங்கியிருந்தார்கள். அந்தப் பெற்றோர் இருவரும் 1996-இல் ஒரு சூறாவளியில் இறந்துபோனார்கள். மறு ஆண்டு திருமணம் நடந்தது, இரு குழந்தைகளையும் வார்னர் தத்தெடுத்துக்கொண்டார்.

கேள்வி: வெற்றிக்குப் பின் அவருடைய ஆட்டம் சரிந்துவிட்டதாகப் படித்தேன். (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: சரிந்தது, மீண்டது, மறுபடி சரிந்தது, மறுபடி மீண்டது. 2001-இல் 4,830 யார்டு எறிந்து இரண்டாம் முறையாக அதே விருதை வென்றார். ஆனால் இறுதிப் போட்டியில், டாம் பிரேடி என்ற அதிகம் அறியப்படாத இளைஞர் வழிநடத்திய நியூ இங்கிலாந்து அணியிடம் கடைசி நொடியில் 20–17 என்று தோல்வி. 2002-இல் விரல் முறிந்தது; அவர் முதன்மையாக ஆடிய ஆறு ஆட்டங்களிலும் அணி தோற்றது. அடுத்த ஆண்டின் முதல் ஆட்டத்தில் ஆறு முறை பந்தைக் கைநழுவவிட்டார், தலையிலும் அடிபட்டது. இடம் மார்க் பல்ஜருக்குப் போனது. 2004-இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்குச் சென்றார். பாதிப் பருவத்தில் இளைஞர் ஈலை மானிங்குக்கு இடம் விட வேண்டியிருந்தது. அரிசோனா கார்டினல்ஸுக்குச் சென்றார்; அங்கும் மேட் லைனார்ட் என்ற இளைஞரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு மனிதரிடம் எத்தனை முறைதான் வாரிசை அறிமுகப்படுத்துவார்கள்!

அரிசோனாவில்தான் இரு கைகளிலும் உறையணிந்து எறியத் தொடங்கினார். அந்த உறைகள் பந்தின் பிடியை மீட்டுக்கொடுத்தன. 2008-இல் லைனார்ட்டை முந்தி இடத்தைப் பிடித்து, 1947-க்குப் பிறகு பட்டமே காணாத அந்த அணியை அதன் முதல் சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனார். போகும் வழியில் வீழ்த்தியவற்றுள் கரோலினா அணியும் ஒன்று. அதன் குவார்ட்டர்பேக், ஆம்ஸ்டர்டாமில் அவருக்கு மாற்றாக இருந்த அதே டெல்ஹோம். பாவம், அன்று அவருக்குப் பிறந்தநாள். ஐந்து பந்துகளை எதிரணியின் கையில் எறிந்தார்.

இறுதிப் போட்டியில் பிட்ஸ்பர்க்கிடம் 27–23 என்று தோல்வி. முதல் பாதியின் கடைசி முயற்சியில், கோட்டுக்கு ஒரு யார்டு தொலைவிலிருந்து வார்னர் எறிந்த பந்தை ஜேம்ஸ் ஹாரிசன் இடைமறித்து, மறுமுனைவரை 100 யார்டு ஓடினார். அந்த ஓர் எறி அவருடைய கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். எனினும், அன்றைய நாளில் சூப்பர் பௌலில் மிக அதிகத் தொலைவு எறிந்த முதல் மூன்று இடங்களும் அவருடையவையாகவே இருந்தன: 414, 377, 365.

கேள்வி: எப்போது ஓய்வு பெற்றார்? இன்று என்ன செய்கிறார்? (ஒரு வாசகர், வேலூர்)

பதில்: 2010 ஜனவரியில், 38 வயதில். அந்த மாதம் 10-ஆம் தேதி கிரீன் பே அணிக்கு எதிரான ஆட்டத்தில் 33 முறை எறிந்து 29 முறை வெற்றி கண்டார். தவறியவை நான்கு, டச் டவுன்கள் ஐந்து. பதினாறு ஆண்டுகளுக்கு முன் அவரைத் திருப்பி அனுப்பிய அணி அது. அடுத்த வாரம் நியூ ஆர்லியன்ஸில், இடைமறிக்கப்பட்ட பந்தின் பின்னால் ஓடியபோது எதிரணி வீரர் ஒருவர் முழு வேகத்தில் மார்பில் மோத, மல்லாந்து விழுந்து சற்று நேரம் எழாமல் கிடந்தார். முந்தைய நவம்பரிலும் தலையில் அடிபட்டு ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டிருந்தார். அந்த மாத இறுதியில் ஓய்வை அறிவித்தார்.

மொத்தக் கணக்கு 32,344 யார்டு, 208 டச் டவுன். பிறகு தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசும் பணிக்கு வந்தார். 2011-இல் உள்ளரங்கக் கால்பந்தின் புகழ்மன்றத்திலும், 2017 ஆகஸ்டில் ஒஹாயோவின் கான்டன் நகரில் உள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மன்றத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது. இரண்டிலும் இடம்பெற்ற முதல் வீரர் அவர்தான்.